பதினோரு ஒன்றும் நான் போட்ட சரியும்

சென்ற வெள்ளிக்கிழமை ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தேன். ஆசிரியைகள் அறையில் உங்களில் ஒருத்தி நாற்பது கணக்கு நோட்டை அடுக்கி வைத்துக்கொண்டு, சிவப்பு மையால் பக்கத்துக்கு ஒரு சரி இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கண் நோட்டில், இன்னொரு கண் மணிக்கூட்டில். நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் பேனா கொஞ்சம் நிதானித்தது. பயப்படாதே அம்மா, உன் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன். உன்னைக் கண்டிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கு எப்படி நடத்த வேண்டும் என்று ட்ரெயினிங்கில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சரியைப் பற்றி. முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் லட்சக்கணக்கில் சரி போட்டிருப்பேன். அதில் ஒன்று பொய். அந்த ஒன்று ஒரு மனுஷியின் ஆசையை அடியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இந்த நூற்றாண்டு பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். பாளையங்கோட்டையில் இதே பள்ளிக்கூடம்தான். அப்போது இது ஓட்டுக் கூரையும் நாலு வேப்பமரமுமாக இருந்தது. நான் கீழ் வகுப்புகளுக்குப் பூகோளமும் கொஞ்சம் கணக்கும் எடுத்தேன். நடு வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவரை நாங்கள் எல்லாரும் கணக்கு அக்கா என்று கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதில் ஒரு பிழை வருகிறது. அந்தப் பிழையோடு அவர் பெயர் ஒரு தடவை சேர்ந்தது போதும்.

அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். புருஷன் சபையில் வேதம் சொல்லும் உபதேசியாராக இருந்து, பேதி கண்ட ஒரு கோடையில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. போர்டிங்கை ஒட்டிய ஒரே அறையில் நானும் அவருமாகக் குடியிருந்தோம். கறுத்து மெலிந்த உருவம், கேலி நிறைந்த வாய். ஜெபக்கூட்டத்தில் பாட்டு நம்பர் சொன்னால், பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் அந்த நம்பர் எதெதால் வகுபடும் என்று என் காதில் சொல்லிவிடுவார். எனக்குச் சிரிப்பு வரும், ஜெபம் நடத்துகிறவர் முறைப்பார்.

அக்காவுக்கு ஒன்றுகள் மேல் ஒரு பைத்தியம் இருந்தது. ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு கரும்பலகையில் ஒன்று ஒன்றாக எழுதிக்கொண்டே போனார்.

"ஏளா பூரணம், இங்கன வந்து பாரு. ரெண்டு ஒண்ணு போட்டா பதினொண்ணு, அது பிரைம். மூணு ஒண்ணு போட்டா முப்பத்தேழுல போவுது. அஞ்சு ஒண்ணு நாப்பத்தொண்ணுல போவுது. ஏழு ஒண்ணு எரநூத்தி முப்பத்தொம்பதுல போவுது. எல்லாம் போவுதே, எங்கனயாவது ஒண்ணு நின்னுக்கிட்டு 'நான் போவ மாட்டேன்'னு சொல்லாதா?"

பகா எண் என்று இப்போது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். எங்களுக்கு அது பிரைம் நம்பர். ஆறு, எட்டு, ஒன்பது, பத்து என்று ஒன்றுகளின் எண்ணிக்கையே வகுபடக்கூடியதாக இருந்தால், முழு எண்ணும் வகுபட்டுப் போகும். அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஆகவே ஏழுக்குப் பிறகு பார்க்க வேண்டியது பதினோரு ஒன்றுதான். ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. அது பகா எண்ணா என்று அக்காவுக்குத் தெரிய வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன். அந்த வருஷம் இங்கே மேல் வகுப்பு ஆரம்பிக்கலாமா என்று பேச்சு நடந்தது. பெண்பிள்ளைகளை மெட்ரிகுலேஷனுக்கு அனுப்ப வேண்டுமானால் ஆல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பாதிப்பேர் தையலே போதும் என்றார்கள். மீதிப்பேர் டவுனிலிருந்து பி.ஏ. படித்த ஆணைக் கொண்டுவரலாம் என்றார்கள். அக்காவுக்கு அந்த வகுப்பு வேண்டும். புதுச் சேலை வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும் என்று ஒரு நாளும் வாய் திறக்காதவர், இதைக் கேட்டு மட்டும் மூன்று தடவை மிஸ்ஸியம்மாவின் படி ஏறினார்.

மிஸ்ஸியம்மா என்பது பள்ளிக்கூடத்துக்குத் தலைவியாக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனசு. வேதபுஸ்தகம் படித்தே தமிழ் கற்றுக்கொண்டவர் என்பதால் பேச்சும் அப்படியே இருக்கும்.

"நீ கணக்கில் தேறினவள் என்று நான் அறிந்திருக்கிறேன். அந்த மனுஷர் அறியமாட்டார்கள். அச்சில் ஏதேனும் ஒன்றை எனக்குக் கொண்டு வா. அதை அவர்களுக்கு முன்பாக வைப்பேன்" என்றார்.

சென்னையில் கணக்கு வாத்தியார்கள் சேர்ந்து நடத்திய ஒரு பத்திரிகை மிஸ்ஸியம்மாவுக்குத் தபாலில் வந்துகொண்டிருந்தது. அதில் சின்னச் சின்னக் குறிப்புகளும் போடுவார்கள். பதினோரு ஒன்று பகா எண் என்று நிரூபித்து ஒரு குறிப்பு அனுப்புவது, அது அச்சானால் கமிட்டி முன் வைப்பது என்று ஏற்பாடானது.

அவ்வளவு பெரிய எண்ணை எத்தனை எண்ணால் வகுத்துப் பார்ப்பது? அங்கேதான் அக்காவின் மூளை வேலை செய்தது. ஐந்து ஒன்றை வகுக்கிற 41-ஐயும் 271-ஐயும் பத்தால் வகுத்தால் மீதி ஒன்று. ஏழு ஒன்றை வகுக்கிற 239-ஐயும் 4649-ஐயும் பதினான்கால் வகுத்தால் மீதி ஒன்று. ஐந்துக்குப் பத்து, ஏழுக்குப் பதினான்கு என்றால் பதினொன்றுக்கு இருபத்திரண்டு. இருபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற பகா எண்கள் மட்டும்தான் பதினோரு ஒன்றை வகுக்க முடியும். முதலில் இதை ஊகித்தார். பிறகு நாலைந்து நாள் பித்துப் பிடித்தவர்போல் திரிந்து, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நிரூபணமும் எழுதினார். ஒரு காலேஜ் படியும் மிதிக்காதவர். அந்த நிரூபணத்தில் குற்றம் சொல்ல இதுவரை எவராலும் முடியவில்லை.

அப்படியும் 23, 67, 89, 199 என்று ஆரம்பித்து லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம், அதாவது பதினோரு ஒன்றின் வர்க்கமூலம், வரைக்கும் போக வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் வகுத்தல். தினம் சாயங்காலம் ஜெபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் மூன்று, நான்கு என்று அக்கா சிலேட்டில் வகுப்பார். வகுத்ததை நோட்டில் ஒரு வரியாக ஏற்றுவார். பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. வகுக்கும் எண்களை மட்டும் நோட்டு முழுவதும் முன்கூட்டியே வரிசையாக எழுதி வைத்திருந்தார். பிறகு ஈவு, மீதி. அதற்கப்புறம் மூன்று கட்டம் எனக்கு: ஒன்பது, பதினொன்று, பார்த்தவர்.

அதாவது, நான் சரிபார்க்கிறவள். இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது ஒன்பது சோதனை. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்துப் பார்ப்பது பதினொன்று சோதனை. ஒன்பது சோதனைக்கு ஒரு குறை உண்டு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அதற்குத் தெரியாது, கூட்டினால் ஒரே தொகைதானே. பதினொன்று சோதனை அதைப் பிடித்துவிடும். எங்கள் கணக்கில் பதினொன்று சோதனை ரொம்பச் சுலபம்கூட. வகுக்கும் எண் எதைப் பதினொன்றால் வகுத்தாலும் ஒன்றுதான் மிஞ்சும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். ஈவையும் மீதியையும் சோதித்துக் கூட்டினால் ஒவ்வொரு வரியிலும் விடை ஒன்று வர வேண்டும். ஒன்று வராவிட்டால் வகுத்ததில் தப்பு. வந்தால் பார்த்தவர் கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும்.

முதல் எட்டொன்பது பக்கம் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு தப்பு இல்லை. இருநூறு வரிக்கு மேல் பார்த்தும் அக்கா ஒரு இலக்கம் தவறவில்லை. பிறகு கிறிஸ்மஸ் வந்தது, பாட்டுப் பழக்கம் வந்தது, பரீட்சைத் தாள் வந்தது. எட்டுப் பக்கம் சேர்ந்துபோயிற்று. அக்கா என்னைக் கேட்கவும் இல்லை, நெருக்கவும் இல்லை. ஒன்பது சோதனையை மட்டும் எப்படியோ முடித்து வைத்திருந்தேன்.

ஜனவரியில் பிள்ளைகளைப் பாபநாசத்துக்கு அழைத்துப் போனோம். அம்பாசமுத்திரம் வரைக்கும் ரயில், அப்புறம் மாட்டுவண்டி. அருவிக்கரையில் பிள்ளைகள் குளித்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். மைக்கூடு எடுத்துப் போகவில்லை, ஊதாப் பென்சில்தான் இருந்தது. முதல் வரிக்கு ஈவைக் கூட்டிக் கழிக்க ஆரம்பித்தேன். அதற்குள் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து அழுதுகொண்டு வந்தாள். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: எப்படியும் ஒன்றுதானே வரப்போகிறது.

மேலிருந்து கீழாக ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதிக்கொண்டே போனேன். எட்டுப் பக்கம், இருநூறு ஒன்று. பார்த்தவர் கட்டத்தில் இருநூறு 'பூ'. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டு நானும் போய் அருவியில் தலையைக் கொடுத்தேன்.

சோம்பேறித்தனம் என்று நீங்கள் சொன்னால் பாதி ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதி மரியாதை. அக்காவின் கணக்கில் தப்பு இருக்கும் என்று நினைப்பதே எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நாம் மதிக்கிற ஒருவர் வேலையைச் சரிபார்க்கக் கொடுக்கும்போது, நம் மரியாதை அவருக்கு வேண்டாம். கண்தான் வேண்டும். அன்று அக்காவுக்கு நான் கண்ணைக் கொடுக்காமல் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த பக்கங்களை மறுபடி ஒழுங்காகப் பார்த்தேன். அந்த எட்டுப் பக்கத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஆயிரமும் முடிந்தது. ஒன்றாலும் வகுபடவில்லை. கடைசி வரியை ஏற்றிவிட்டு அக்கா பேனாவைத் துடைத்துக் கீழே வைத்தார். "நின்னுட்டுதுளா" என்றார். அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்ட சேலை முந்தானையைக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

மிஸ்ஸியம்மா குறிப்பை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். தபாலில் சேர்க்கிற அன்று காலை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நோட்டு மேஜைமேல் இருந்தது.

"பூரணம், நீ எல்லாவற்றையும் சோதித்தறிந்தாயோ?"

பாறையும் ஊதாப் பென்சிலும் கண்முன் வந்தன. எட்டுப் பக்கத்தைப் பார்க்க இரண்டு சாயங்காலம் போதும். "ரெண்டு நாள் பொறுங்கம்மா" என்று நான் கேட்டிருந்தால் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். கமிட்டி கூடுவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனால் கேட்டால் ஏன் என்ற கேள்வி வரும். அக்கா பக்கத்தில் நிற்கிறார், கல்யாணப் பெண்போல மினுமினுவென்று.

"ஆமாம் அம்மா" என்றேன்.

பதில் ஆறு வாரத்தில் வந்தது. மரியாதையான கடிதம். இருபத்திரண்டு பற்றிய நிரூபணம் அழகாக இருக்கிறது என்று முதல் வரி. அடுத்த வரியில் ஒரு பெருக்கல். 21649-ஐ 513239-ஆல் பெருக்கினால் பதினோரு ஒன்று. ஆகவே குறிப்பை வெளியிட இயலவில்லை, வருந்துகிறோம்.

மிஸ்ஸியம்மா அதைப் படித்துக் காட்டினார். அக்கா சிலேட்டை எடுத்து நின்றபடியே பெருக்கினார். பதினோரு ஒன்று வரிசையாக வந்து விழுந்தது. பிறகு நோட்டைத் திறந்து 21649 இருக்கும் வரியைத் தேடினார். கால்வாசி தூரத்தில், ஒரு பக்கத்தின் முதல் வரியாக இருந்தது. ஈவு 517542, மீதி 1913.

"ஆறும் நாலும்" என்று தனக்குள் சொன்னார். எனக்கும் புரிந்துவிட்டது. நோட்டிலிருந்து சிலேட்டுக்கு எடுக்கும்போது 21649 என்பதை 21469 என்று எழுதி, அதால் வகுத்திருக்கிறார். வகுத்ததில் ஒரு தப்பும் இல்லை. எண்தான் வேறு. வகுக்கும் எண் ஏற ஏற ஈவு இறங்க வேண்டும், இங்கே முந்தைய வரியைவிட ஏறியிருக்கிறது. பக்கம் மாறிய இடம் என்பதால் அவர் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது.

பிறகு அவர் விரல் ஈவின்மேல் நகர்ந்தது. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தார், மூன்று. மீதியின்மேல் நகர்ந்தது, பத்து. மூன்றும் பத்தும் பதின்மூன்று, அதில் பதினொன்று போக இரண்டு. விரல் பதினொன்று கட்டத்துக்கு வந்தது. அங்கே ஊதா நிறத்தில் ஒன்று என்று இருந்தது. பக்கத்தில் 'பூ'. விரல் அதற்குக் கீழே இருந்த ஒன்றுகள் வழியாகப் பைய இறங்கி, பக்கத்தின் அடி வரைக்கும் போயிற்று.

அக்கா நோட்டை மூடினார்.

"எங் கைப்பிழை, மிஸ்ஸியம்மா. எண்ணை மாத்தி எழுதிட்டேன். பார்த்தவ மேல தப்பு இல்ல."

மிஸ்ஸியம்மா என்னைப் பார்த்தார். "பூரணம், நீ சொல்லவேண்டியது ஏதாகிலும் உண்டோ?"

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் அப்படியே நிற்கிறது. என் சம்பளத்தில்தான் வீட்டில் தங்கைகள் சாப்பிட்டார்கள் என்று நான் ஒரு காரணம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் தங்கைகள் நினைவு எனக்கு வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்று ஆட்டினேன்.

நான் பதினொன்று சோதனையைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வரியில் இரண்டு வந்திருக்கும். அக்கா திரும்ப வகுத்திருப்பார். மீதி பூஜ்யம் வந்திருக்கும். ஆயிரத்தில் கால்வாசியிலேயே வேலை முடிந்திருக்கும். பதினோரு ஒன்று பகா எண் இல்லை, இதோ அதை வகுக்கும் இரண்டு எண் என்று அவர் கண்டுபிடித்து எழுதியிருப்பார். பகா எண்ணாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே, உண்மையாக இருக்க வேண்டும் என்றுதானே கேட்டார்கள். அந்தப் பூஜ்யம் அவருக்காக அங்கே காத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் நான் ஒன்றைப் போட்டு மறைத்துவிட்டேன்.

கமிட்டி கூடியது. கடிதத்தின் முதல் வரியை மிஸ்ஸியம்மா எடுத்துச் சொன்னாராம். அவர்கள் இரண்டாம் வரியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். மேல் வகுப்பு தள்ளிப் போடப்பட்டது. ஆழ்வார்குறிச்சியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, அங்கே ஆள் தேவை என்று அக்காவை மாற்றினார்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்.

ரயிலுக்கு வழியனுப்ப நான் கூடப் போனேன். வண்ணார்பேட்டை தாண்டிப் பாலத்தில் ஏறியபோது முன்னால் போன நெல் வண்டி ஒன்று அச்சு முறிந்து நின்றது. எங்கள் வண்டியும் நிற்க வேண்டியதாயிற்று. கீழே ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அங்கேதான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அந்த எட்டுப் பக்கம்..."

"தெரியும்ளா" என்றார். "மத்த பக்கமெல்லாம் மை. அது மட்டும் ஊதாப் பென்சிலு, ஒரே இழுப்பு. அன்னைக்கே பார்த்தேன். பாபநாசத்துல வச்சுப் பார்த்திருக்கா போலன்னு நெனச்சேன். கேட்டிருக்கணும், கேக்கல."

"நீங்க ஏன் மிஸ்ஸியம்மாட்டச் சொல்லல?"

"சொல்லி என்ன செய்ய? ரெண்டு பேரையும்லா அனுப்பியிருப்பாவ. ஒருத்தியாவது இங்கன இருக்கணும்லா. இன்னைக்கு இல்லன்னாலும் என்னைக்காவது அந்த வகுப்பு வரும். வரும்போது கணக்கு தெரிஞ்ச பொம்பளை ஒருத்தி இல்லன்னா, அவனுவ சொன்னதுதான் சரின்னு ஆயிரும்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "ஏளா, மூக்கைத் துடை. வண்டிக்காரன் பார்க்கான்" என்றார். ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக ஒன்றே ஒன்று சொன்னார். "சும்மா சரி போடாத, என்ன?"

ஆழ்வார்குறிச்சிக்கு ரயிலில் போனால் அரைநாளில் போய்த் திரும்பலாம். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு கார்டு வரும். சுகம் விசாரித்து இரண்டு வரி, அதற்குக் கீழே ஒரு கணக்கு. கணக்கைப் போட்டு விடையை எழுதி அனுப்புவேன். நேரில் போய் அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த கோடையில் போகலாம், அடுத்த கோடையில் போகலாம் என்று நாளைக் கடத்தினேன்.

முதல் யுத்தம் முடிந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்ததே, அதில் அக்கா போய்விட்டார். சேதி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கல்லறைமேல் மண் இன்னும் ஈரமாக இருந்தது. பள்ளிக்கூடம் பெருக்குகிற அம்மாள் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பாளையங்கோட்டையில இருந்து பூரணம்னு ஒரு டீச்சர் வருவாவ, வந்தா அவகிட்ட குடுன்னு சொன்னாவ. நீங்கதானா? வருவாவ வருவாவன்னு ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டே இருந்தாவ."

உள்ளே நோட்டு இருந்தது. ரயில் வரும்வரைக்கும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அதைத் திறந்து பார்த்தேன். அந்த எட்டுப் பக்கத்தில், என் ஊதா ஒன்றுகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பதினொன்று சோதனையைத் தானே செய்து, கறுப்பு மையில் விடையைப் பொடியாக எழுதியிருந்தார். ஒன்று, ஒன்று, ஒன்று. இருநூறு வரியில் நூற்றுத் தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்றே வந்திருக்கிறது. பார்க்காமல் நான் போட்ட இருநூறு சரியில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது உண்மையிலேயே சரி. பார்க்காமல் போடுகிற சரி அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் நாம் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

மிஸ்ஸியம்மா ஊருக்குத் திரும்பிப் போய், கமிட்டியும் மாறி, மேல் வகுப்பு கடைசியில் வந்தது. நான் தனியாகப் படித்துப் பரீட்சை எழுதியிருந்தேன். அந்த வகுப்பு எனக்குக் கிடைத்தது. அக்கா சொன்னபடியே நடந்தது என்று சிலர் சந்தோஷப்படலாம். எனக்கு அதில் ஒரு நாளும் சந்தோஷம் இருந்ததில்லை. அவருடைய நாற்காலி அது. முதல் நாள் கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது என் கை எழும்பவில்லை. பிள்ளைகள் டீச்சருக்குப் பயம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அந்த நோட்டைக் கணக்கு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஒரே ஒரு வரி அக்காவின் கையால் புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. வகுக்கும் எண் 21649, ஈவு 513239, மீதி 0. அதற்கப்புறம் எனக்கு எப்போதும் விடுகிற மூன்று கட்டங்களைக் கோடு போட்டுக் காலியாக விட்டிருக்கிறார். ஒன்பது, பதினொன்று, பார்த்தவர். எனக்குத்தான் விட்டு வைத்தார், நான் வருவேன் என்று.

அந்த வரியை நான் எத்தனையோ தடவை சோதித்துவிட்டேன். ஆனாலும் கட்டத்தில் எழுத்தைப் போட எனக்குக் கை வரவில்லை. அது காலியாகவே இருக்கிறது. உங்களில் யாராவது ஒருத்தி ஒரு சாயங்காலம் சிலேட்டோடு உட்கார்ந்து, முழுவதும் பெருக்கிப் பார்த்து, ஒன்பதும் பார்த்து, பதினொன்றும் பார்த்து, மூன்றாவது கட்டத்தில் உங்கள் எழுத்தைப் போடுங்கள். நான் சரி என்று சொன்னேன் என்பதற்காகப் போட வேண்டாம்.